கீழிருந்து மேலாகப் படித்த கடிதம்

1

ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு உறைகள் வந்தன. இரண்டிலும் திருவண்ணாமலை அஞ்சல் முத்திரை.

முதல் உறையில் தணிகாசலம் சாரின் கடிதம். மூன்றாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அவர். இப்போது அதே பள்ளிக்குத் தலைமையாசிரியர். பள்ளியின் வெள்ளி விழா மலரைத் தொகுப்பதும் அவர்தான். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவி என்ற முறையில் இங்கிலாந்து வாழ்க்கையைப் பற்றி நான் சில குறிப்புகள் எழுதி அனுப்ப வேண்டுமாம். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "அந்தப் பதினான்கு குட்டு சம்பவத்தையும் எழுதினால் படிப்பவர்களுக்குச் சுவையாக இருக்கும்."

இரண்டாவது உறையை அனுப்பியவன் என் தம்பி சேகர். அப்போது எனக்கு ஆறாவது மாதம். இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா இங்கே வந்து மூன்று மாதம் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. அதற்காகப் போட்ட பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் நகலை அனுப்பியிருந்தான். விண்ணப்பதாரர் கையொப்பம் என்ற கட்டத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. படிப்பு என்ற இடத்தில் தம்பியின் கையெழுத்தில் "இல்லை".

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும்.

இரண்டு உறைகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கு மற்றொன்று காரணம். அது எப்படி என்றுதான் இந்த மலருக்கு எழுதப்போகிறேன். சுவையாக இருக்கும் என்று சார் சொல்கிறார். பார்ப்போம்.

2

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போட்டேன். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டில் போன் கிடையாது. மளிகைக் கடைக்காரர் வீட்டுக்கு முதலில் சொல்லிவைத்து, அவர்கள் ஆள் அனுப்பி அம்மாவைக் கூட்டிவந்து நிறுத்தியபின் மறுபடி போட வேண்டும்.

"இன்னாடி மதி, உடம்பு எப்படி இருக்குது? வாந்தி நின்னுச்சா?"

"அதெல்லாம் நின்னுபோச்சு. ஏம்மா, ஃபாரத்துல கைநாட்டு வெச்சிருக்க?"

"வெச்சா இன்னா? பிளேன்ல ஏத்தமாட்டேன்னு சொல்லிட்டானா?"

"உனக்குதான் கையெழுத்துப் போட வருமே."

"வரும்... எந்தக் காலத்துலயோ. தப்பா கிப்பா எழுதிட்டா ஃபாரம் வீணாப்போயிடும். சேகரு ரெண்டு தடவ மெட்ராஸுக்கு அலைஞ்சு வாங்கியாந்தது. கட்ட விரலு தப்புப் பண்ணாதுடி."

கடைக்காரரின் மனைவி பின்னால் ஏதோ சொன்னார். அம்மா சிரித்தார். "இங்க அக்கா சொல்லுது, சீமைக்குப் போறவ கைநாட்டா, பேர் கெட்டுப்போயிடும்னு. கெட்டா கெடட்டும். வெச்சுடறேன், காசு ஓடுது."

வைத்துவிட்டார். கட்ட விரலு தப்புப் பண்ணாது. அந்த வாக்கியத்தை நான் நான்கு நாள் சுமந்துகொண்டு திரிந்தேன்.

3

இங்கிலாந்து வாழ்க்கை என்று கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலைப்புக்கு ஏற்ற கட்டுரை இல்லை என்று சார் மதிப்பெண் குறைப்பார்.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்தவள். முடித்த வருடமே கல்யாணமாகி இங்கே வந்தேன். ஏழு ஆண்டுகள் ஆகின்றன. குடிநீர்க் குழாய், சாக்கடைக் குழாய் இவற்றுக்கு வரைபடம் போடும் ஓர் அலுவலகத்தில் வேலை. மற்றவர்கள் போட்ட படங்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. ஒரு கையில் மஞ்சள் பென்சில், ஒரு கையில் சிவப்பு. சரியாக இருக்கும் ஒவ்வோர் அளவின் மேலும் மஞ்சள் பூச வேண்டும், தப்பானதைச் சிவப்பில் சுழிக்க வேண்டும். மஞ்சளும் சிவப்பும் படாத ஒரு எண்கூடப் படத்தில் மீதி இருக்கக்கூடாது. என் பார்வைக்குத் தப்பி ஒரு குழாயும் இதுவரை மண்ணுக்குள் போனதில்லை.

இந்த ஊரில் என் ஆங்கிலத்தைத் திருத்தியவர்களின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறேன். பால் போடுகிறவர். டாக்டர் வீட்டு வரவேற்பு மேசைப் பெண். எதிர்வீட்டு எட்டு வயதுப் பையன். கடைசியாகச் சேர்ந்தவள் என் மகள் கவிதா. வயது ஆறு. நான் தமிழில் கேட்பதற்கு அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், கூடவே நான் பேசிய ஆங்கிலத்தையும் சரிசெய்வாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து மேசைக்காரரிடம் நம் ஊர் வழக்கப்படி "சாப்பிட்டாச்சா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். நான் சாப்பாட்டுக்கு அழைக்கிறேன் என்று நினைத்து அவர் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அரசாங்கக் காகிதங்களில் என் பெயர் இன்னும் நேராகவில்லை. நம் ஊரில் தகப்பன் பெயர் முன்னெழுத்தோடு முடிந்துவிடும். இவர்கள் அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். வரி அலுவலகத்திலிருந்து எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் "திரு. முனுசாமி" பெயருக்கு வருகின்றன. லாரி ஓட்டுநரான என் அப்பா பெங்களூருக்கு அப்பால் போனதில்லை. அவர் பெயரில் இங்கே ஒரு கோப்பு தடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று முறை எழுதிக் கேட்டேன். மூன்று முறையும் பதில் திரு. முனுசாமிக்கு வந்தது.

இவர்கள் யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. கோபம் முழுவதையும் ஒரே இடத்துக்கு எடுத்துவைத்திருக்கிறேன்.

4

வெள்ளிக்கிழமை மதியம் கடைசிப் பாடம் எங்கள் வகுப்பில் "மாத்தித் திருத்தறது". எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பள்ளியில் படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும்.

காலையில் சார் தலைப்புக் கொடுப்பார். எங்கள் ஊர்ச் சந்தை, தீபத் திருநாள், பசு. ஐந்து வரி எழுத வேண்டும். மதியம் நோட்டைப் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்று சுற்று. முதல் சுற்றில் எழுத்தை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டாவதில் மெய்யெழுத்துப் புள்ளி, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி. மூன்றாவதில் வாக்கியம் முடிந்திருக்கிறதா, எழுவாயும் வினைமுற்றும் ஒத்துப்போகின்றனவா.

முதல் இரண்டு சுற்றுக்கும் ஒரு விதி உண்டு. கடைசி வரியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். "மேலேர்ந்து படிச்சா கதையில உக்காந்துடுவீங்க. அர்த்தம் கண்ணை ஏமாத்தும். கீழேர்ந்து வாங்க, அப்பதான் எழுத்து எழுத்தாத் தெரியும்" என்பார். அருமையான முறை. நேர்மையாகச் சொல்ல வேண்டும், எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு ஒழுங்காகப் பிழைதிருத்தம் கற்றுக்கொடுத்த ஆசிரியர் அந்த வட்டாரத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. இன்றும் வரைபடத்தின் வலது கீழ்மூலையிலிருந்துதான் சரிபார்க்கத் தொடங்குகிறேன். எனக்குச் சம்பளம் கொடுப்பது அவர் கற்றுக்கொடுத்த கண்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கண்டுபிடித்த பிழைக்குக் கூலி உண்டு. ஒரு பிழைக்கு ஒரு குட்டு. திருத்தியவர் எழுந்து நிற்பார், எழுதியவர் தலையைக் குனிவார். வகுப்பே ஒன்று, இரண்டு என்று எண்ணும்.

நான் நன்றாகக் குட்டுவேன். மறைக்க விரும்பவில்லை. நடுவிரலை முன்னே தள்ளி, மணிக்கட்டிலிருந்து. என் பக்கத்தில் உட்கார யாருக்கும் இஷ்டம் இருக்காது. சாந்தி என்ற என் தோழி வெள்ளிக்கிழமைகளில் எண்ணெயை வழிய வழியத் தடவிக்கொண்டு வருவாள். குட்டு வழுக்கிக்கொண்டு போகுமாம்.

5

வகுப்புச் சுவரில், திருக்குறள் அட்டைக்குப் பக்கத்தில், ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.

ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் ஒருநாள் பள்ளியைப் பார்க்க வந்தார். செருப்பில்லாமல் கிரிவலப் பாதையில் நடக்கிறவர். பிள்ளைகளுக்குப் பெப்பர்மின்ட் கொடுத்தார். போகும்போது சாருக்கு நன்றி என்று தமிழில் நான்கு வரி எழுதிக் கொடுத்தார். பாதி எழுத்து தலைகீழாக இருந்தது. புள்ளி என்ற ஒன்றே இல்லை.

சார் அதைப் பசை தடவிச் சுவரில் ஒட்டினார். "பாத்தீங்களா? எங்கேர்ந்தோ வந்து நம்ம பாஷைய எப்படி எழுதியிருக்குது அந்தம்மா!"

சாந்தி கையைத் தூக்கினாள். "சார், இதுல நெறைய தப்பு இருக்குது சார்."

"உக்காருடி. அவங்களுக்கு அது தாய்மொழியா? எழுதணும்னு நெனச்சாங்களே, அதுவே பெருசு."

அந்த வாக்கியத்தை நான் அப்போது கவனிக்கவில்லை. பின்னால் பல முறை எடுத்துப் பார்த்தேன். அது நல்ல வாக்கியம். அதை யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லக்கூடாது என்று அவர் பிரித்து வைத்திருந்தார்.

6

கார்த்திகை முடிந்து எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. இரண்டு கன்னமும் பூசணிக்காய். மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை.

விடுப்புக் கடிதம் என்றால் மேட்டுத்தெரு அண்ணனிடம் போய் எழுதி வாங்குவதுதான் வழக்கம். அந்த முறை அண்ணன் ஊரில் இல்லை. அப்பா லாரியில் போயிருந்தார். அம்மா மூன்றாம் வகுப்புவரை படித்தவர். தீபத்துக்கு அடித்த நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில், என் பென்சிலை வாங்கித் தானே ஆறு வரி எழுதினார். எழுதி முடித்து, தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "எப்படி? உங்கம்மா வாத்தியாருக்கே லெட்டர் எழுதிட்டா பாத்தியா" என்று சிரித்துக்கொண்டே நான்காக மடித்துக் கொடுத்தார்.

நான் திரும்பப் போனது வெள்ளிக்கிழமை. கடிதத்தைப் படித்துவிட்டு சார் என்னையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு யோசனை வந்ததை நான் பார்த்தேன்.

மதியம் அதைக் கரும்பலகையில் எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதிப்போட்டார். "இன்னிக்கு நோட்டு வேணாம். எல்லாரும் போர்டைப் பாருங்க. நான் பதினோரு தப்புக் கண்டுபிடிச்சேன். யார் கண்டுபிடிக்கிறீங்க?"

யாருடைய கடிதம் என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். கடைசி வரியில் அம்மாவின் பெயர் இருந்தது.

யாரும் கை தூக்கவில்லை. சார் சாக்பீஸை என்னிடம் நீட்டினார். "நீ வாம்மா. உன் கண்ணுக்குத் தப்பாதே."

போனேன். கீழிருந்து மேலாகப் போனேன். அம்மாவின் பெயரில் ஒன்று. அதற்கு மேல் வரியில் மூன்று. வகுப்பு எண்ணிக்கொண்டே வந்தது. பதினொன்றைத் தாண்டியதும் சத்தம் நின்றது. சாரும் நெருங்கி வந்து பார்த்தார். பதினாலில் நான் நிறுத்தினேன்.

"சபாஷ்!" என்று முதுகில் தட்டினார். "என்னையே தோக்கடிச்சுட்டாளே! சரி, எழுதினவங்க இங்க இல்ல. குட்டு யாருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"வீட்டுக்குப் போயி உங்கம்மாவுக்குப் பதினாலு குட்டு வெச்சுட்டு வா. திங்கக்கெழமை கேப்பேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் மறைக்க விரும்பவில்லை.

7

அம்மா களத்தில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். ஊர் முழுக்க நிலக்கடலைக்கு அதுதான் பெயர்.

"இன்னாடி, மூஞ்சி இப்படி இருக்குது? மறுபடி வலிக்குதா?"

"நீ எழுதின லெட்டர்ல பதினாலு தப்பு."

"பதினாலா! எழுதினதே ஆறு வரிதானேடி!"

"சார் கண்டுபிடிச்சது பதினொண்ணு. நான் பதினாலு கண்டுபிடிச்சேன்."

"அட, என் கெட்டிக்காரி." கையில் இருந்த கொடியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"சார் உனக்குப் பதினாலு குட்டு வெக்கச் சொன்னாரு. திங்கக்கெழமை கேப்பேன்னாரு."

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார். "சரி, வா. வாத்தியார் சொல்லிட்டாரு. கேட்டா பொய்யா சொல்லுவ?" தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்தார்.

ஒன்று. இரண்டு. "மெள்ளடி, தலையா தேங்காயா?" என்றார். மூன்று. நான்கு. தலைமுடி முழுக்க மல்லாட்டைச் செடியின் மண்.

ஐந்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "சும்மா குட்டாத. எது எது தப்புன்னு சொல்லிக்கினே குட்டு. நானும் தெரிஞ்சுக்கறேன்."

சொல்லிக்கொண்டே குட்டினேன். இந்த எழுத்து இது இல்லை. இங்கே புள்ளி இல்லை. உன் பேரே தப்பு.

ஒன்பதுக்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பதினாலு முடிந்ததும், "அவ்ளோதானா?" என்றார். துணியை உதறித் தலையில் கட்டிக்கொண்டு மறுபடி செடியை எடுத்தார். நான் விளையாடப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை சார் கேட்டார். "என்னம்மா, குடுத்தியா?"

"குடுத்துட்டேன் சார். பதினாலும்."

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பக்கத்து வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டு, "இங்க வாங்க, இந்தப் பொண்ணு இன்னா செஞ்சுதுன்னு கேளுங்க" என்றார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் அதை விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார்.

8

மூன்றாம் வகுப்பு மதிப்பெண் அட்டை என்னிடம் இருக்கிறது. கல்யாணப் பெட்டியில் சான்றிதழ்களோடு சேர்ந்து வந்துவிட்டது. பெற்றோர் கையொப்பம் என்ற வரிசையை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

காலாண்டு: அம்மாவின் கையெழுத்து, பென்சிலில், சாய்வாக.
அரையாண்டு: கட்டைவிரல் ரேகை.
முழு ஆண்டு: கட்டைவிரல் ரேகை.

அதற்குப் பிறகு பதினெட்டு ஆண்டுகளாக எல்லா இடத்திலும் அதே விரல்தான். கல்யாணமாகி வந்தபின் அம்மாவின் கடிதம் என்று எனக்கு வந்ததெல்லாம் யாராவது எழுதிக் கொடுத்தவை. "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கும். என் அம்மா வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. "வாந்தி நின்னுச்சா" என்பதுதான் அவர் நலம் விசாரிக்கும் விதம். அதை எழுதிக் கொடுப்பவர் நாகரிகம் இல்லை என்று விட்டுவிடுவார். ஏழு ஆண்டுகளில் நாற்பத்தொரு கடிதங்கள். ஒன்றில்கூட அம்மா இல்லை.

பழிவாங்க நான் போட்ட திட்டங்களும் பட்டியலாக இருக்கின்றன. பத்து வயதில்: பள்ளி ஆய்வாளராகி ஜீப்பில் வந்து இறங்கி, சாரையே ஐந்து வரி எழுதச் சொல்வது. பதினாறு வயதில்: எண்ணெய் வழுக்காத அளவுக்குப் பலமாக ஒரே ஒரு குட்டு. பத்தொன்பது வயதில் திட்டம் இல்லை, வாய்ப்புதான் வந்தது. என் கல்யாணத்துக்கு சார் வந்தார். பந்தியில் உட்கார்ந்து, இலைக்கு இலை அந்தக் கதையைச் சொன்னார். பந்தியே சிரித்தது. சாம்பார் வாளியோடு வந்த அம்மாவை நிறுத்தி, "என்னம்மா, தலை இன்னும் வலிக்குதா?" என்றார். அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவர் இலையில் ஊற்றினார். நான் மாலையும் கழுத்துமாக எதிரில் நின்றேன். மாலை போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்குப் பேச அனுமதி இல்லை.

9

கவிதாவின் பள்ளியில் புதன்கிழமை மதியங்களில் பெற்றோர் யாராவது போய்ப் பிள்ளைகளோடு உட்காரலாம். அலுவலகத்தில் எனக்குப் புதன் அரை நாள். பேர் கொடுத்தேன். தாங்கள் எழுதியதைத் தாங்களே திருத்த ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு உதவ வேண்டும். என்னைவிடத் தகுதியான ஆள் அந்த நகரத்தில் கிடையாது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

முதல் நாள் ட்ரேஸி என்ற குழந்தை ஒரு பக்கம் எழுதி நீட்டினாள். கடைசி வரியிலிருந்து மேலே போனேன். நான்கு நிமிடம். ஒன்பது சுழி. அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். அவள் சுழிகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "என் முயலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

எந்த முயல் என்று எனக்குத் தெரியவில்லை.

"செத்துப்போயிடுச்சு. எழுதியிருக்கேனே" என்றாள். காகிதத்தைத் திருப்பி வைத்துவிட்டு, பென்சிலையும் வைத்துவிட்டாள். அன்று அவள் மறுபடி எழுதவில்லை.

வகுப்பு ஆசிரியை மிஸஸ் பியர்சன் திட்டவில்லை. ஒரு விதி மட்டும் சொன்னார். எழுதியதைக் குழந்தை முதலில் வாய்விட்டுப் படிக்கட்டும், அதன் காதுக்கே சில பிழை கேட்கும். பென்சில் அதன் கையில்தான் இருக்க வேண்டும். "உங்கள் கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த மதியம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு ஆண்டுகளில் முதல் முறையாக அந்தக் கரும்பலகையை மேலிருந்து கீழாகப் படித்தேன். எழுத்துக்கு எழுத்து எனக்கு மனப்பாடம். பிழைகளோடு மனப்பாடம். ஆனால் அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் பார்த்ததே இல்லை.

இவ்வளவுதான் எழுதியிருந்தது. பிள்ளைக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது. பள்ளிக்கூடம் போகணும் என்று அழுகிறாள். நான்தான் அனுப்பவில்லை, அவள்மேல் தப்பு இல்லை. விட்டுப்போன பாடத்தைத் தயவுசெய்து சொல்லிக்கொடுங்கள். எனக்குத் தெரிந்திருந்தால் நானே சொல்லிக்கொடுத்திருப்பேன். கீழே பெயர்.

வகுப்பில் முப்பத்தாறு பேர் இருந்தோம். சாரையும் சேர்த்து முப்பத்தேழு. அந்தக் கடிதத்தை ஒருவரும் படிக்கவில்லை.

10

கவிதாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்படியில் வைத்துத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். முயல் வாரத்துக்கு அடுத்த ஞாயிறு, "ஆயாவுக்கு ஒரு லெட்டர் எழுது" என்றேன். என் அம்மா அவளுக்கு ஆயா.

"ஆயா வீட்டில் டி.வி. இருக்கிறதா என்று கேட்கலாமா?" ஆங்கிலத்தில்தான் கேட்டாள்.

"கேளு. தமிழ்ல கேளு."

அரை மணி நேரம் எழுதினாள். நாக்கு வெளியே தொங்கியது. நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். மடியில் வைத்தால் போதாது, என் கைகளை எனக்குத் தெரியும்.

"சரியா இருக்காம்மா?"

"படிச்சுக் காட்டு."

படித்தாள். நடுவில் தானே இரண்டு இடத்தில் நின்று, "அய்யே" என்று அழித்து எழுதினாள். மீதி இருந்தது மீதியாகவே இருந்தது. என் கண்ணில் படாமல் இல்லை. ஒட்டி, அன்றைக்கே தபால்பெட்டியில் போட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து நீல நிற விமானக் கடிதம் வந்தது. மேலே முகவரி தம்பியின் கையெழுத்தில். ஓரத்தில் அவனே நெருக்கி எழுதியிருந்தான்: "அக்கா, பாப்பா லெட்டர அம்மாவுக்குப் படிச்சுக் காட்டப் போனேன். குடுன்னு புடுங்கி அதுவே படிச்சுது. சிரிச்சிட்டே இருந்துது. 'எனக்கு மேல தப்பா எழுதுதுடா இது, இதுக்கு எழுதலாம்'னு சொல்லி பென்சில் கேட்டுது. ரெண்டு நாளா எழுதுச்சு. எட்டிப் பாத்தா அடிக்க வருது. உள்ள இன்னா இருக்குன்னு எனக்குத் தெரியாது."

பாஸ்போர்ட்டில் கட்டைவிரல்தான் இருக்கும். தம்பி கேட்டுப் பார்த்தான், பதிவானதை மாற்ற முடியாது என்றார்களாம். விமானநிலையத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிற ஒவ்வோர் அதிகாரிக்கும் என் அம்மா எழுதத் தெரியாதவர். அந்தக் கணக்கை நான் உங்கள் பெயரில் வைத்திருக்கிறேன், சார்.

11

சார், கேட்டதை எழுதிவிட்டேன். இனி உங்களோடு மட்டும் பேச வேண்டியவை.

இந்தக் கட்டுரையில் ஒரு சொல்லையும் நீங்கள் மாற்றக்கூடாது. குறைக்கவும் கூடாது. இதற்கு மூன்று நகல்கள் உண்டு. ஒன்று என்னிடம். ஒன்று சாந்தியிடம். அவள் இப்போது பெற்றோர் சங்கத்தில் இருக்கிறாள், மலர் வெளிவரும் அன்று மேடையில் வாசித்துவிடுவதாகச் சொல்கிறாள். இன்னொன்று சேகரிடம். அம்மாவுக்கு அவன் படித்துக் காட்ட வேண்டியதில்லை. அம்மாவே படித்துக்கொள்வார்.

நீங்கள் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. நல்ல ஆசிரியர் என்றுதான் எழுதியிருக்கிறேன், நான்காம் பகுதியில் பாருங்கள். அது உங்களுக்கு ஆறுதலாக இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் எழுதினேன். சொல்லிக்கொடுக்கத் தெரியாத ஒருவர் செய்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். என் பங்கையும் எழுதியிருக்கிறேன். குட்டிய கை என்னுடையது. அதற்கு நான் அம்மாவிடம் பதில் சொல்லிக்கொள்வேன், அவர் மூன்று மாதம் இங்கே இருப்பார்.

உங்கள் கடிதத்தையும் கீழிருந்து மேலாகப் படித்தேன். மூன்று சுற்றும் போனேன். சிவப்பில் சுழித்து, ஓரத்தில் எண் போட்டு, உறையிலும் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எத்தனை என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். இனி யாருக்கு எதை எழுதினாலும் அந்த எண் என்னவாக இருக்கும் என்று நீங்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். பென்சிலைக் கீழே வைக்கலாமா என்றும் யோசிக்க வேண்டும். என் அம்மா பதினெட்டு ஆண்டுகள் யோசித்தார்.

கடைசியாக, அம்மாவின் கடிதம். அதையும் மலரில் போட்டால் கட்டுரை நன்றாக முடியும் என்று உங்களுக்குத் தோன்றும். உங்களைப் பற்றி எனக்குத் தெரியும். அதிலிருந்து ஒரு வரியைக்கூட இங்கே எடுத்து எழுத மாட்டேன். நீங்கள் அதைப் பார்க்கப்போவதில்லை.

நான் படித்துவிட்டேன். மேலிருந்து கீழாக, மூன்று முறை. அதில் எத்தனை பிழை என்று எனக்குத் தெரியாது.